இருபத்திரண்டாம் தொட்டியின் எண்

பெங்களூரு
9 செப்டம்பர் 2024

தூபா,

தினமும் காலையில் இருபத்தாறு நிமிடம் கணினி முன்னால் தாடையில் கை வைத்து உட்கார்ந்திருப்பதாகப் போன மாதம் எழுதியிருந்தாய். இனி அப்படி உட்கார வேண்டாம்.

நீ சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். மேட்டுக்கொல்லை சுத்திகரிப்பு நிலையத்தில் இருபத்திரண்டு தொட்டிகள். ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் அங்கே வருகிறது. தொட்டிக்கு ஆறு மீட்டர். விஷ வாயு எவ்வளவு இருக்கிறது என்று ஒவ்வொரு மீட்டரும் நிமிடத்துக்கு ஒரு சின்னக் கோப்பு எழுதி கிளவுடுக்கு அனுப்பும். ஒரு மணி நேரத்துக்கு ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது கோப்புகள். அத்தனையும் உன் லேப் கணினிக்கு இறங்கினால்தான் எந்தத் தொட்டி எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியும்.

கிளவுடிலிருந்து கோப்புகளை எடுத்துத் தரும் லைப்ரரி என்னும் புரோகிராமைத்தான் எங்கள் கம்பெனி செய்கிறது. இதுவரை அது ஒரு கோப்பைக் கேட்டுவிட்டு, அது வந்து சேரும்வரை சும்மா நிற்கும். வந்த பிறகுதான் அடுத்ததைக் கேட்கும். நான் எழுதியிருக்கும் முன்மாதிரி நிற்காது. முதல் கோப்பு வந்துகொண்டிருக்கும்போதே இன்னும் ஏழு கோப்புகளைக் கேட்டுவிடும். எது முதலில் வருகிறதோ அதை வாங்கி வைத்துவிட்டு, அந்த இடத்துக்கு இன்னொன்றைக் கேட்கும்.

அக்டோபர் பதினைந்தாம் தேதி கம்பெனிப் பெரியவர்கள் முன்னால் இதை ஓட்டிக் காட்ட வேண்டும். எங்கள் ஆபீஸ் இணைய லைன் ரொம்ப நல்ல லைன். இங்கே எது எழுதினாலும் ஓடும். உங்கள் ஊர் மாதிரி விட்டு விட்டு வரும் லைனில் ஓட்டிப் பார்த்தால்தான் எனக்குத் தைரியம். இணைத்திருக்கிறேன். உன் கணினியில் மட்டும் வை. வெளியே கொடுத்தது கம்பெனிக்குத் தெரியாது.

போனில் சொல்லியிருப்பேன். உன் போன் வேலை நேரம் முழுவதும் கேட்டில் வாங்கி வைக்கும் பெட்டியில் கிடக்கிறது. வீட்டுக்குப் போனால் உன் அண்ணன் பிள்ளைகள் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

ஹெப்சி


மேட்டுக்கொல்லை
12 செப்டம்பர்

அன்புள்ள ஹெப்சிக்கு,

நேற்றுக் காலை போட்டுப் பார்த்தேன். மூன்று நிமிடம் இருபது விநாடி. நம்பாமல் மறுபடியும் போட்டேன். அதேதான்.

சத்தார் பாய் டீ கிளாஸோடு வந்து பின்னால் நின்றார். தொட்டிக்குள் ஆட்களை இறக்குவதும் ஏற்றுவதும் அவர் பொறுப்பு. இருபது வருடமாக அதே வேலை.

“இன்னாம்மா, இன்னும் டீயே ஆறல. அதுக்குள்ள வந்துருச்சா?”

“வந்துருச்சு பாய்.”

“ஜாஸ்தி வேகமா வந்தா எனக்கு பேஜாரா இருக்கும்மா. வழியில எதையாவது உட்டுட்டு வந்துருக்கும்.”

சிரித்தேன். அவர் போன பிறகு அந்தச் சிரிப்பே பயமாகிவிட்டது. பழைய புரோகிராம் ஒரு கோப்பு வராவிட்டால் அப்படியே நின்றுவிடும். சிவப்பாக ஒரு வரி காட்டும். அதை எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். உன்னுடையது ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஏதாவது ஒன்று வராமல் போனால் எனக்கு எப்படித் தெரியும்?

நான் பயந்தவள் என்று உனக்குத் தெரியும். காலேஜில் ஆசிட் பாட்டிலை இரண்டு கையாலும் பிடிப்பேன் என்று நீ கிண்டல் செய்வாய். இந்த வாயு கொஞ்சமாக இருந்தால் முட்டை அழுகின நாற்றம் வரும். அப்போது பயமில்லை. அளவு ஏறினால் முதலில் மூக்கு செத்துப்போகும். நாற்றமே தெரியாது. இறங்குகிறவன் காற்று சுத்தமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே இறங்குவான். அந்த இடத்தில் எண் ஒன்றுதான் துணை. அதனால்தான் கேட்கிறேன்.

தூபா


பெங்களூரு
13 செப்டம்பர்

தூபா,

நின்றுவிடுவதுதான் பழையதன் கோளாறு. ஒரு கோப்பு வரவில்லை என்பதற்காக மற்ற ஏழாயிரத்தையும் நிறுத்தி வைப்பது என்ன நியாயம்? என்னுடையது வராததை விட்டுவிட்டு மேலே போகும். திரையின் அடியில் ஒரு வரி இருக்கிறது பார்: 7920 / 7920. கேட்டது எத்தனை, முடிந்தது எத்தனை. அந்த இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்கும்வரை நீ பயப்பட வேண்டியதில்லை. அதற்குப் பயப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

புதிய பிரதி இணைத்திருக்கிறேன். எட்டு இல்லை, ஒரே நேரத்தில் அறுபத்து நான்கு. எவ்வளவு விநாடி என்று எழுது. நான் இங்கே நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஹெப்சி


மேட்டுக்கொல்லை
28 செப்டம்பர்

ஹெப்சி,

நாற்பது விநாடி. அடியில் 7920 / 7920. நீ கேட்டது அவ்வளவுதான். நான் எழுத வந்தது வேறு.

மேனேஜர் தன்சீல் அகமது சார் புதன்கிழமை லேப்புக்கு வந்தார். திரையில் எண்கள் மளமளவென்று மாறுவதைப் பார்த்தார். மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. என் தோழி செய்தது என்று கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னேன்.

“இவ்ளோ சீக்கிரம் வருதா? அப்ப எதுக்கும்மா கை மீட்டரைக் கயித்துல கட்டித் தொங்கவிட்டு அரை மணி நேரம் நிக்கிறாங்க?”

“சார், இது டெஸ்டிங்தான். இன்னும் முடியல.”

“நம்பர் சரியா வருதா இல்லையா?”

“வருது சார்.”

மறுநாள் தொட்டி ஷெட் சுவரில் பெரிய டிவி ஒன்றை மாட்டிவிட்டார்கள். என் கணினியிலிருந்து அதற்கு ஒயர். கை மீட்டர் இரண்டும் அவர் அறை அலமாரிக்குப் போய்விட்டன. சாவி அவரிடம்.

எது என்னைப் பயமுறுத்துகிறது தெரியுமா? எண்கள் இருபத்தாறு நிமிடம் பழையதாக வந்த காலத்தில் அந்தத் திரையை ஒருத்தரும் நம்பவில்லை. எண் என்ன சொன்னாலும் சத்தார் பாய் மீட்டரைக் கயிற்றில் இறக்கி, தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஆளை அனுப்புவார். இப்போது எல்லாரும் அண்ணாந்து டிவியைப் பார்க்கிறார்கள். பச்சையாக இருந்தால் இறங்குகிறார்கள்.

இது முன்மாதிரி, உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் வைக்கக் கூடாது என்று உன் கம்பெனி முகவரியிலிருந்து அவருக்கு நாலு வரி எழுது. நான் சொன்னால் பெண்பிள்ளை பயப்படுகிறது என்பார். நீ எழுதினால் கேட்பார்.

தூபா


பெங்களூரு
30 செப்டம்பர்

தூபா,

கம்பெனி முகவரியிலிருந்து எழுதினால் முதல் கேள்வி, வெளியிடாத புரோகிராம் ஆம்பூர்ப் பக்கம் எப்படிப் போனது என்பதுதான். அன்றே என்னை அனுப்பிவிடுவார்கள்.

பதினைந்தாம் தேதிவரை பொறு. ஓட்டிக் காட்டியாகிவிட்டால் முறையான பிரதியை நானே அனுப்பச் சொல்கிறேன். இரண்டு வாரம்தான். எண்ணிக்கை சரியாகத்தானே இருக்கிறது? நாலு வருடமாக நீ திட்டிக்கொண்டிருந்த ஒன்றை நான் சரி செய்து கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னாயா?

கோபத்தில் எழுதவில்லை. அவசரத்தில் எழுதுகிறேன்.

ஹெப்சி


மேட்டுக்கொல்லை
9 அக்டோபர், மாலை

ஹெப்சி,

நன்றாக இருந்தது. சொல்லிவிட்டேன்.

இப்போது கேள். போன வெள்ளிக்கிழமை தன்சீல் சார் சொல்லி, நிமிடத்துக்கு ஒரு தடவை எடுக்கும்படி மாற்றினார்கள். திங்கட்கிழமையிலிருந்து இருபத்திரண்டாம் தொட்டியின் எண் நான்கு. நேற்றும் நான்கு. இன்று காலையும் மத்தியானமும் நான்கு. மற்ற தொட்டிகள் வெயில் ஏற ஏற ஏறுகின்றன, தண்ணீர் விட்டால் இறங்குகின்றன. இது மட்டும் அசையவில்லை. வரிசையில் அதற்கு முன்னால் இருக்கும் இருபத்தொன்றும் அப்படித்தானோ என்று சந்தேகம். அடியில் 7920 / 7920 என்றுதான் காட்டுகிறது. கோப்பு வந்த நேரமும் இந்த நிமிடத்தின் நேரம்தான்.

நாளை மறுநாள் ஆயுத பூஜை. அதற்கு முன்னால் எல்லாம் கழுவியாக வேண்டும். நாளைக் காலை இருபத்திரண்டில், தொட்டி கழுவும் ராஜேஷ் இறங்குகிறான். பத்துக்குக் கீழே இருந்தால் இறங்கலாம் என்பது இங்கே விதி. டிவியில் நான்கு, பச்சை.

உடனே பார்.

தூபா


பெங்களூரு
10 அக்டோபர், காலை 9.20

தூபா,

யாரையும் இறக்காதே. இதைப் படித்ததும் எழுந்து ஷெட்டுக்கு ஓடு. மீதியைத் திரும்பி வந்து படி.

அந்த நான்கு பழைய நான்கு. ஒரே நேரத்தில் அளவுக்கு மிஞ்சிக் கேட்டால், சர்வர் கொஞ்ச நேரத்தில் “பிறகு வா” என்று சொல்லித் திருப்பி அனுப்பும். வரிசையில் முன்னால் இருப்பவை எப்படியோ வாங்கிவிடுகின்றன. கடைசியில் நிற்பவைதான் ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோடு திரும்புகின்றன. உன் வரிசையில் கடைசி, இருபத்திரண்டு. புதிய கோப்பு வராவிட்டால் திரை கையில் இருக்கும் பழையதைக் காட்டும். நேரம் மட்டும் புதிது. அது மீட்டர் அளந்த நேரமல்ல, கேட்டு முடித்த நேரம்.

எண்ணிக்கை ஏன் சரியாகக் காட்டியது என்று கேட்பாய். ஒன்று விழுந்தால் மற்றவை நிற்கக் கூடாது என்பதற்காக, தோல்வியையும் ஒரு பதிலாகவே திருப்பித் தரும்படி எழுதியிருந்தேன். பிறகு பதில்களை எண்ணினேன். வந்தவையும் பதில், வராதவையும் பதில். எல்லாம் சேர்ந்து எப்போதும் 7920தான் வரும். பாதி கோப்பு வராவிட்டாலும் 7920தான்.

உன் கடிதத்தை ஏழு மணிக்குப் பார்த்தேன். இதைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம். என் வரியை நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

ஓடு.

ஹெப்சி


பெங்களூரு
10 அக்டோபர், 11.40

தூபா, உன் போன் பதினொரு தடவை அடித்தது. பெட்டிக்குள் கிடக்கிறது என்று தெரிந்தேதான் அடித்தேன். நிலையத்தின் ஆபீஸ் நம்பரை இணையத்தில் தேடி எடுத்தேன். அது வேறு யாருக்கோ போகிறது. ஒரே ஒரு வரி எழுது. “பார்த்தேன்” என்று மட்டும் எழுது.

ஹெப்சி


வேலூர்
11 அக்டோபர்

ஹெப்சி,

ராஜேஷ் விழுந்துவிட்டான். உயிர் இருக்கிறது. வேலூரில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருக்கிறார்கள். நான் வெளியே வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்றுக் காலை ஒன்பது ஐம்பத்து மூன்றுக்கு இறங்கியிருக்கிறான். ஏணியில் ஏழாவது படியில் நின்று மேலே பார்த்து, “இன்னா பாய், இன்னிக்கு நாத்தமே இல்ல” என்றானாம். சத்தார் பாய்க்கு அந்த வார்த்தை போதும். “ஏறுடா! மேல ஏறு!” என்று கத்தியிருக்கிறார். ராஜேஷ் சிரித்தானாம். அப்படியே கை விட்டுப் போயிருக்கிறது.

இடுப்பில் கயிறு இருந்தது. அந்த ஒன்றை மட்டும் சத்தார் பாய் யார் சொன்னாலும் விடமாட்டார். மூன்று பேர் இழுத்தார்கள். ஏணியில் கயிறு மாட்டிக்கொண்டது. மேலே நின்ற இரண்டு பேர் குதிக்கப் போனார்கள். பாய் கையை விரித்துக்கொண்டு வழியில் நின்றார்.

“எவனும் எறங்காதீங்கடா! எறங்கினா மேல வரமாட்டீங்க! கயித்த இழுங்க!”

நான் போய்ச் சேர்ந்தபோது அவனை வெளியே போட்டிருந்தார்கள். உதடு நீலம். கண் திறந்திருந்தது. அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததா, வெறுமனே திறந்திருந்ததா என்று தெரியவில்லை. எத்தனை நிமிடம் உள்ளே கிடந்தான் என்று டாக்டர்கள் கேட்கிறார்கள். நாலு என்கிறார் பாய். ஆறு என்கிறார்கள் மற்றவர்கள். மூளைக்குக் காற்றுப் போகாத நேரத்தைப் பொறுத்துத்தான் எல்லாம் என்கிறார்கள்.

அவன் மனைவி அமிர்தவள்ளி எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கப்போகிறாள் என்று ஒவ்வொரு நிமிடமும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

புரோகிராமைக் கொண்டுவந்தது லேப் பெண்தான், தனக்கு ஒன்றும் தெரியாது என்று தன்சீல் சார் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தூபா


பெங்களூரு
12 அக்டோபர்

தூபா,

நாலு தடவை எழுதி அழித்தேன்.

ராஜேஷ் எப்படி இருக்கிறான்? கண் விழித்தானா? நீ சாப்பிட்டாயா?

ஒன்று கேட்க வேண்டும். கேட்கும்போதே எனக்கு அசிங்கமாக இருக்கிறது. விசாரணைக்கு ஆட்கள் வருவார்கள் இல்லையா? அந்தக் கணினியில் என் புரோகிராமை எழுதியவர் பெயர் இருக்கிறது. பூஜை விடுமுறை முடிந்து லேப் திறப்பதற்குள் அதை அழித்துவிட முடியுமா? பழையதை மறுபடி போட்டுவிடு. எண் பழையதாக வந்ததற்கு லைன்தான் காரணம் என்று சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். உங்கள் ஊர் லைன் எல்லாருக்கும் தெரிந்ததுதானே. உன் மேலும் பழி வராது.

படி ஏறும் சத்தம் கேட்டால் எழுந்து கதவுத் தாழைப் பார்க்கிறேன். ஜெயிலுக்குப் போக வேண்டி வருமா? அம்மாவிடம் என்ன சொல்வேன்? அங்கே ஒருவன் மூச்சுக்குத் தவிக்கும்போது நான் இதை யோசிக்கிறேன். ஆனாலும் யோசிக்கிறேன்.

இன்னொன்று. நான் 9.20க்கு அனுப்பியது உனக்கு எப்போது கிடைத்தது?

ஹெப்சி


வேலூர்
13 அக்டோபர்

ஹெப்சி,

9.27க்குக் கிடைத்தது.

நீ கேட்காமல் இருந்திருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேன். இரண்டு நாளாக அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன், நீ கேட்கக் கூடாது என்று.

படித்தேன். எழுந்தேன். நீ ஷெட்டுக்கு ஓடச் சொன்னாய். நான் தன்சீல் சார் அறைக்குப் போனேன். அனுமதி வாங்கப் போனேன் ஹெப்சி. அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். கையைக் காட்டி நிற்கச் சொன்னார். நின்றேன். பிறகு சொன்னேன்.

“சார், இருபத்திரண்டுல வர்ற நம்பர் பழசு. இன்னிக்கு யாரையும் எறக்க வேணாம்.”

“பழசுன்னா எவ்ளோ இருக்கு இப்ப?”

“தெரியல சார்.”

“தெரியாமயே வந்து நிறுத்துன்னா எப்படிம்மா? நாளைக்கு பூஜை. ஆளுங்க ரெடியா நிக்கிறாங்க. தெரிஞ்சுக்கிட்டு வா.”

“கை மீட்டர் குடுங்க சார்.”

“முதல்ல நம்பரைக் கொண்டா.”

வெளியே வந்தேன். மணி 9.38. இடப்பக்கம் போனால் ஷெட். எண்பது அடி இருக்கும். அங்கிருந்தே கத்தினால் சத்தார் பாய்க்குக் கேட்கும். வலப்பக்கம் லேப். நான் வலப்பக்கம் திரும்பினேன்.

எல்லார் முன்னாலும் கத்தி, பிறகு அது உண்மையிலேயே நான்காக இருந்துவிட்டால்? அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் திரும்பினேன். கையில் எண்ணோடு போகலாம் என்று நினைத்தேன். பழைய புரோகிராமைப் போட்டேன். ஒன்று ஒன்றாக எடுக்கும், ஆனால் பொய் சொல்லாது. ஒரு தொட்டியை மட்டும் தனியாக எடுக்க அதில் வழியில்லை. முதல் தொட்டியிலிருந்து வர வேண்டும். இருபத்தாறு நிமிடம். தாடையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். ஒன்று முடிந்தது. இரண்டு முடிந்தது. ஒன்பதாவது தொட்டி ஓடும்போது, போய்க் கத்திவிடலாமா என்று எழுந்தேன். பாதி வந்துவிட்டதே என்று உட்கார்ந்தேன். பதினான்கு ஓடிக்கொண்டிருக்கும்போது ஷெட்டில் சத்தம் கேட்டது.

அன்று மத்தியானம் திரும்பி வந்து பார்த்தேன். கணினி தன் வேலையை முடித்துவிட்டு நின்றிருந்தது. இருபத்திரண்டாம் தொட்டி: 480.

உன் புரோகிராமை அழிக்க மாட்டேன். நீ எழுதிய கடிதங்களையும் அழிக்க மாட்டேன். 9.27க்கு நான் அதைத் திறந்தேன் என்பதும் அதே கணினியில்தான் இருக்கிறது. அழித்தால் இரண்டையும் சேர்த்து அழிக்க வேண்டும். அழிக்கலாம் என்று நேற்று லேப் சாவியைக் கையில் எடுத்தேன். பொய் சொல்ல மாட்டேன். அமிர்தவள்ளி அப்போது வந்து, “மேடம், அவருக்குக் கை விரல் அசைஞ்சுச்சு, வந்து பாருங்க” என்று என்னைக் கூப்பிட்டாள். என்னைத்தான் கூப்பிட்டாள். சாவியைப் பைக்குள் போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன்.

நாளை மறுநாள் தொழிற்சாலை ஆய்வாளர் வருகிறார். எனக்குத் தெரிந்ததைச் சொல்லப்போகிறேன். உன்னைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்று நீ எனக்கு எழுத வேண்டாம். நீயே முடிவு செய்து அவருக்கே எழுது.

தூபா


பெங்களூரு
16 அக்டோபர்

தூபா,

நேற்று ஓட்டிக் காட்ட வேண்டிய நாள்.

கூட்டத்துக்கு முன்பே மேலாளரிடம் சொல்லிவிடலாம் என்று போனேன். அவர் அறை வாசலில் நின்றபோது நீ அனுமதி கேட்டு நின்ற அறை ஞாபகம் வந்தது. திரும்பி நேராகக் கூட்ட அறைக்குள் போனேன். பதினாறு பேர். சர்வரை வேண்டுமென்றே பாதிக் கோரிக்கைகளைத் திருப்பும்படி வைத்து, என் முன்மாதிரியை ஓட்டினேன். நாற்பது விநாடி. அடியில் 7920 / 7920. ஒருவர் கைதட்டத் தொடங்கினார்.

“கைதட்டாதீங்க சார். இதுல பாதிக் கோப்பு வரவே இல்ல” என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ராஜேஷ் பெயரைச் சொன்னேன். மத்தியானம் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை வரவேண்டாமாம். வேறு யாராவது அந்தப் புரோகிராமை எடுத்துப் போட்டு வைத்திருக்கிறார்களா என்று இப்போது தேடுகிறார்கள். அதை என் கையால் தேட விடவில்லை என்பதுதான் தாங்கவில்லை.

ஆய்வாளருக்கு எழுதிவிட்டேன். நான் எழுதியது, உன்னிடம் “பயப்படாதே” என்றது, உன் மேனேஜருக்கு நாலு வரி எழுத மாட்டேன் என்றது, அழிக்கச் சொன்னது, நான்கையும் எழுதினேன். கடைசியதை எழுதத்தான் அதிக நேரம் ஆனது. அனுப்பிய பிறகும் பயம் போகவில்லை.

நீ செய்ததைப் பற்றி என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஒன்றும் இல்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். நானும் நம்ப மாட்டேன்.

சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். ஆம்பூரில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேராக வேலூர் ஆஸ்பத்திரிக்கு வருவேன். அமிர்தவள்ளியிடம் நான் யார் என்று நீ சொல்ல வேண்டாம். நான் சொல்கிறேன்.

ஹெப்சி


மேட்டுக்கொல்லை
9 நவம்பர்

அன்புள்ள ஹெப்சிக்கு,

நீ வந்துபோய் மூன்று வாரம் ஆகிறது. அன்று அமிர்தவள்ளி உன்னை ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனதை நினைத்து நீ ஆம்பூர் ஸ்டேஷனில் அழுதாய். அவள் என்னிடமும் இப்போது பேசுவதில்லை. ஆய்வாளரிடம் நான் சொன்னது அவள் காதுக்குப் போய்விட்டது.

ராஜேஷை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நடக்கிறான். வலது கை நடுங்குகிறது. சில சமயம் பேச்சு நடுவில் நின்று, அந்த வார்த்தை என்ன என்று தேடுகிறான். கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகும் என்கிறார்கள், எவ்வளவு என்று சொல்லவில்லை. தன்சீல் சார் வருவதில்லை. எனக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள். வேலை போகுமா என்று விசாரணை முடிந்தால்தான் தெரியும். டிவியைக் கழற்றிவிட்டார்கள். கை மீட்டர் இரண்டும் இப்போது சத்தார் பாய் இடுப்பில்தான் தொங்குகின்றன.

நேற்று ராஜேஷ் வீட்டுக்குப் போனேன். ஆய்வாளர் வாயால் அவர்கள் கேட்டது வேறு, நானே சொல்வது வேறு என்று தோன்றியது. வாசலிலேயே திரும்பிவிடலாம் என்று இரண்டு தடவை நினைத்தேன். அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். சொன்னேன். 9.27 முதல் சொன்னேன். வலப்பக்கம் திரும்பினதையும், பாதி வந்துவிட்டதே என்று மறுபடி உட்கார்ந்ததையும் சொன்னேன். அமிர்தவள்ளி கதவருகில் நின்று கேட்டாள்.

அவன் வார்த்தையைத் தேடுகிறானா, கோபமா என்று தெரியாமல் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மெதுவாகச் சொன்னான்.

“மேடம், எனக்கு டிவியெல்லாம் படிக்கத் தெரியாது. பச்சை, செவப்பு எல்லாம் நான் பாக்கல. நீங்க பயப்புடுற ஆளு. ஏதாச்சும் இருந்தா ஓடியாந்துருவீங்க. நீங்க வரல. அதான் எறங்கினேன்.”

குற்றம் சொல்கிற மாதிரி சொல்லவில்லை ஹெப்சி. நடந்ததைச் சொன்னான்.

அமிர்தவள்ளி வந்து என் முன்னால் இருந்த டம்ளரை எடுத்துக்கொண்டாள். “அவரு படுக்கட்டும்” என்றாள். அது எனக்குத்தான் என்று புரிந்தது. வந்துவிட்டேன்.

மாலை சத்தார் பாயிடம் ஒன்று கேட்டேன். இனி ஆள் இறங்கும் நேரமெல்லாம் தொட்டி விளிம்பில் நான் நிற்கிறேன், லேப்பில் இல்லை என்று. “உனக்கு பயமா இருக்காதா?” என்றார். “இருக்கும் பாய்” என்றேன். “அப்ப வா” என்றார்.

நாளைக் காலை பத்தொன்பதாம் தொட்டியில் இரண்டு பேர் இறங்குகிறார்கள். ஏழரைக்கே போக வேண்டும். இதோடு நிறுத்துகிறேன்.

தூபா